மூலக்குறிக்கு உள்ளேயும் வெளியேயும்: வாசகர் கேள்வி–பதில்

வர்க்கமூலங்களைச் சுருக்கி எழுதுவது குறித்துக் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் சிலவற்றை இவ்விதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் கேட்டவையும் பெரியவர்கள் கேட்டவையும் இதில் கலந்தே இருக்கின்றன. மாறிகளுக்குக் க, ச, ந என்னும் எழுத்துகளைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, தேர்வில் √72 ஐச் சுருக்கச் சொன்னார்கள். நான் 6√2 என்று எழுதினேன். என் தோழி 3√8 என்று எழுதினாள். கால்குலேட்டரில் இரண்டுக்கும் 8.485 என்றே வருகிறது. எனக்கு முழு மதிப்பெண், அவளுக்குப் பாதி. இரண்டும் ஒரே எண் என்றால் இந்த வேறுபாடு ஏன்?
(பத்தாம் வகுப்பு மாணவி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: உன் தோழியின் விடையில் பிழை இல்லை, வேலைதான் பாதியில் நின்றிருக்கிறது. 72 ஐ 9 × 8 என்று பிரித்து, 9 இன் வர்க்கமூலமாகிய 3 ஐ வெளியே எடுத்தவள், உள்ளே எஞ்சிய 8 இல் 4 என்னும் இன்னொரு முழு வர்க்கம் இருப்பதைக் கவனிக்கவில்லை. 3√8 = 3 × √4 × √2 = 6√2 என்று இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால் அவளும் உன் விடைக்கே வந்து சேர்ந்திருப்பாள்.

எந்த முழு வர்க்கம் உள்ளே மறைந்திருக்கிறது என்று ஊகிக்கத் தேவையில்லாத வழி பகாக் காரணிப்படுத்தல். 72 = 2 × 2 × 2 × 3 × 3. ஒரே பகா எண் இரண்டு முறை வந்தால் அந்த இணைக்காக ஓர் எண் வெளியே வருகிறது, ஏனெனில் √(2 × 2) = 2; இணையில்லாமல் நிற்கும் எண் உள்ளேயே தங்குகிறது. பெரிய எண்களில்தான் இவ்வழியின் பயன் தெரியும். 1188 ஐப் பார்த்தவுடன் அதில் 36 இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது; ஆனால் 1188 = 2 × 2 × 3 × 3 × 3 × 11 என்று எழுதிவிட்டால் √1188 = 2 × 3 × √(3 × 11) = 6√33 என்பது தானாக வந்துவிடும். 33 பெரிய எண்ணாயிற்றே, இன்னும் சுருங்குமோ என்று தயங்க வேண்டாம். அதில் 3 உம் 11 உம் ஒவ்வொரு முறையே வருவதால் மேலும் சுருக்க இடமில்லை.

இனி மதிப்பெண் விஷயம். எந்த மிகை முழு எண்ணையும் ‘ஒரு முழு வர்க்கம் பெருக்கல், வர்க்கக் காரணி எதுவும் இல்லாத ஓர் எண்’ என்று ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடியும். 72 க்கு அது 36 × 2. அதனால் யார் எங்கே அமர்ந்து செய்தாலும் கடைசியில் 6√2 என்னும் ஒரே வடிவம்தான் கிடைக்கும். 2√18, 3√8 ஆகியவை வழியில் வரும் வடிவங்கள். இந்த ஒருமைப்பாடு விடைத்தாள் திருத்துபவரின் வசதிக்காக மட்டும் ஏற்பட்டதன்று. √72 + √50 − √18 என்று ஒரு கணக்கு வந்தால், மூன்றும் தொடர்பில்லாத எண்களாகத் தெரிகின்றன. சுருக்கியபின் 6√2 + 5√2 − 3√2 என்றாகி, 8√2 என்று ஒரே உறுப்பாக முடிகிறது. இரண்டு விடைகள் சமமா என்று கண்டறிவதும் இந்த வடிவத்தில்தான் எளிது.

கால்குலேட்டர் காட்டிய 8.485 ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வர்க்கப்படுத்தினால் 71.995 சொச்சம்தான் வரும்; 6√2 ஐ வர்க்கப்படுத்தினால் 36 × 2, அதாவது 72, துளியும் குறையாமல் வரும். மூலக்குறியோடு விடை எழுதுவது அந்த எண்ணை முழுமையாகச் சொல்வதாகும். மூலக்குறிக்குள் பின்னமும் இருக்கக்கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வை: √(5/12) என்பதை √(15/36) என்று மாற்றினால் √15/6 ஆகிவிடும்.

கேள்வி: காங்கேயம் பக்கம் எங்களுக்குச் சரியாக ஓர் ஏக்கரில் சதுரமான தோட்டம் இருக்கிறது. ஒரு மூலையில் கிணறு, எதிர்மூலையில் தொட்டி. குறுக்காகக் குழாய் பதிக்க எத்தனை அடி வேண்டும் என்று கல்லூரியில் படிக்கும் மகளைக் கேட்டேன். 132√5 அடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதை வைத்துக்கொண்டு கடையில் எப்படிக் கேட்பது?
(விவசாயி, காங்கேயம்)

பதில்: கடையில் 296 அடி என்று கேளுங்கள். 20 அடி நீளக் குழாய்களாக வாங்கினால் பதினைந்து வேண்டும். உங்கள் மகளின் விடை மிகச் சரியானது. அவர் அதை அந்த வடிவத்தில் எழுதியதற்கு நல்ல காரணமும் இருக்கிறது.

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சதுரத் தோட்டமானால் ஒரு பக்கம் √43560 அடி. இந்த எண்ணைக் காரணிப்படுத்தினால் 2 × 2 × 2 × 3 × 3 × 5 × 11 × 11 என்று வரும். இணைகளை வெளியே எடுத்தால் 2 × 3 × 11 = 66; உள்ளே எஞ்சுவது 2 × 5 = 10. ஆகவே பக்கம் 66√10 அடி. இந்த 66 தற்செயலாக வந்ததன்று. எட்மண்ட் கன்டர் என்னும் ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி கொண்டது ஓர் ஏக்கர். பத்துச் சதுரச் சங்கிலிப் பரப்புள்ள சதுரத்தின் பக்கம் √10 சங்கிலியாகத்தானே இருக்க வேண்டும்? 208.71 அடி என்று தசமத்தில் எழுதியிருந்தால் இந்தச் செய்தி வெளியே தெரிந்திருக்காது.

சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப்போல் √2 மடங்கு. 66√10 × √2 = 66√20 = 66 × 2√5 = 132√5. உங்கள் குழாயின் நீளம் இதுவே. √5 இன் மதிப்பைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். 2 என்று தொடங்குங்கள். 5 ஐ 2 ஆல் வகுத்தால் 2.5, இரண்டின் சராசரி 2.25. மீண்டும் 5 ஐ 2.25 ஆல் வகுத்தால் 2.2222, சராசரி 2.2361. இரண்டே சுற்றில் மூன்று தசம இடங்கள் சரியாகக் கிடைத்துவிட்டன. 132 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 295 அடி 2 அங்குலம். மாறாக, முதலிலேயே பக்கத்தை 208.7 என்றும் √2 ஐ 1.41 என்றும் வெட்டிக்கொண்டு பெருக்கியிருந்தால் 294.27 அடி வந்திருக்கும். அதை நம்பிக் குழாயை அளந்து அறுத்தால் தொட்டிக்கு முக்கால் அடிக்கு மேல் எட்டாமல் நிற்கும். மூலக்குறியைக் கடைசி வரை காப்பாற்றி, கடைக்குப் போகும்போது மட்டும் தசமமாக்குவதே சரியான முறை.

அதே 66√20 அடி, இரண்டு ஏக்கர்ச் சதுரத்தின் பக்கமும் ஆகும். பக்கத்து நிலத்தில் அரை ஏக்கர்ச் சதுரம் ஒன்றை வாங்கினால் அதன் பக்கம் 66√5 அடி. உங்கள் தோட்டத்தின் மூலைவிட்டத்தில் சரிபாதி. ஒரு சென்ட் சதுரத்தின் பக்கம் 6.6√10, அதாவது 20.87 அடி. வேலி போடுவதானால் உங்கள் தோட்டத்தின் சுற்றளவு 264√10, ஏறத்தாழ 835 அடி. இதே ஓர் ஏக்கர் ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமுமாகக் கிடந்திருந்தால் 1,452 அடி வேலி வேண்டியிருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஹெக்டேர்ச் சதுரத்தின் பக்கம் நேராக 100 மீட்டர், ஓர் ஏர்ச் சதுரத்தின் பக்கம் 10 மீட்டர் என்பதால் அங்கே மூலக்குறிக்கு வேலையே வராது.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை முடிந்து வந்து மகனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். √(9 × 16) என்பதை √9 × √16 என்று பிரிக்கலாம் என்கிறார்கள். √(9 + 16) ஐ அப்படிப் பிரித்தால் தவறு என்கிறார்கள். பெருக்கலுக்குப் பொருந்தும் விதி கூட்டலுக்கு ஏன் பொருந்தவில்லை என்று அவன் கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
(வாசகி, திருப்பூர்)

பதில்: அம்மா, உங்கள் மகன் கேட்டது மிக நல்ல கேள்வி. தவறு என்று காட்டுவது எளிது: √(9 + 16) = √25 = 5; √9 + √16 = 3 + 4 = 7. ஏன் தவறு என்பதற்கு விடை வர்க்கப்படுத்திப் பார்ப்பதில் இருக்கிறது. √க × √ச என்பதை வர்க்கப்படுத்தினால் க × ச மட்டுமே வருகிறது; கூடுதலாக ஒன்றும் வருவதில்லை. அதனால் அது √(க × ச) க்குச் சமம். √க + √ச என்பதை வர்க்கப்படுத்தினால் க + ச + 2√(க × ச) வருகிறது. அந்த 2√(கச) தான் இடையூறு செய்யும் உறுப்பு. மேலே உள்ள எண்களில் அது 2 × √144 = 24; 25 உடன் 24 ஐக் கூட்டினால் 49, அதன் மூலம் 7. க, ச ஆகிய இரண்டில் ஒன்று சுழியாக இருந்தால் மட்டுமே அந்த உறுப்பு மறையும். அப்போது மட்டுமே பிரித்து எழுதுவது சரியாகும்.

இடையூறாகத் தெரிகிற அதே உறுப்பு வேறோர் இடத்தில் உதவிக்கு வருகிறது. மூலக்குறிக்குள் இன்னொரு மூலக்குறி உள்ள √(5 + 2√6) போன்ற கோவைகளைப் பாருங்கள். க + ச + 2√(கச) என்னும் வடிவத்தோடு இதை ஒப்பிட்டால், கூட்டினால் 5 உம் பெருக்கினால் 6 உம் வரக்கூடிய இரண்டு எண்கள் வேண்டும்: 3 உம் 2 உம். ஆகவே √(5 + 2√6) = √3 + √2. கழித்தல் குறி இருந்தால் பெரிய எண்ணின் மூலத்தை முன்னே வைக்க வேண்டும். √(7 − 4√3) இல் 4√3 ஐ முதலில் 2√12 என்று மாற்றிக்கொண்டால், கூட்டல் 7, பெருக்கல் 12. எண்கள் 4, 3. விடை 2 − √3. எல்லாக் கோவைகளும் இப்படிப் பிரிந்துவிடுவதில்லை. √(5 + √6) ஐ எடுத்துக்கொண்டால், 5 இன் வர்க்கத்திலிருந்து 6 ஐக் கழிக்க வரும் 19 முழு வர்க்கமன்று. அதனால் அது அப்படியே நிற்கும். முதல் எடுத்துக்காட்டில் 2√6 என்பது √24; 25 − 24 = 1, முழு வர்க்கம். இந்தச் சோதனையை முதலில் செய்துவிட்டால் வீணாகத் தேட வேண்டியதில்லை.

கேள்வி: √25 இன் மதிப்பு ±5 என்று பயிற்சி வகுப்பில் ஒருவர் சொன்னார்; 5 மட்டுமே என்று இன்னொருவர் சொன்னார். √(க²) = க என்று எழுதுவது சரியா?
(போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், பொள்ளாச்சி)

பதில்: தம்பி, √25 என்பது 5 மட்டுமே. 25 க்கு வர்க்கமூலங்கள் இரண்டு உண்டு, 5 உம் −5 உம். ஆனால் √ என்னும் குறி அவற்றில் குறையெண் அல்லாத மூலத்தை மட்டும் சுட்டுவதற்கென்று வைத்துக்கொண்ட குறி. க² = 25 என்னும் சமன்பாட்டுக்கு க = ±√25 என்று தீர்வு எழுதும்போது ± ஐ நாம் தனியே எழுதுவதே, குறிக்குள் அது அடங்கவில்லை என்பதற்குச் சான்று.

இரண்டாம் கேள்வியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். க = −7 என்று வைத்துப் பாருங்கள். க² = 49; √49 = 7; அது க அன்று, −க. ஆகவே √(க²) என்பது க இன் மட்டு மதிப்பாகிய |க|. இது வெறும் குறியீட்டு நுணுக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். √(க² − 6க + 9) = 5 என்னும் சமன்பாட்டில் உள்ளே இருப்பது (க − 3)² என்று கண்டவுடன் க − 3 = 5 என்று எழுதுபவருக்கு 8 என்னும் ஒரே விடை கிடைக்கும்; |க − 3| = 5 என்று எழுதுபவருக்கு 8, −2 ஆகிய இரண்டும் கிடைக்கும். இரண்டையும் பொருத்திப் பாருங்கள், இரண்டும் சரியானவையே.

எல்லா இடத்திலும் மட்டுக்குறி வேண்டுமென்பதும் இல்லை. √(50க⁵) இல் மூலத்திற்கு மெய்யெண் பொருள் இருக்க வேண்டுமானால் க⁵ குறையெண்ணாக இருக்கக்கூடாது. எனவே க உம் குறையெண்ணாக இருக்க முடியாது. அதனால் 5க²√(2க) என்று தயங்காமல் எழுதலாம். √(18க²ச⁶) இல் அந்தக் காப்பு இல்லை. அங்கே 3√2 × |கச³| என்றுதான் எழுத வேண்டும். மாறிகள் யாவும் மிகை என்று வினாத்தாளில் சொல்லியிருந்தால் மட்டுக்குறியை விட்டுவிடலாம். அந்த வரியைப் படிக்காமல் கணக்குக்குள் இறங்குவது ஆபத்து.

இதோடு தொடர்புடைய இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. √க × √ச = √(கச) என்னும் விதி, இரண்டும் குறையெண்ணாக இருக்கும்போது செல்லாது: √(−4) × √(−9) ஐ √36 = 6 என்று எழுதினால் தவறு; 2√(−1) × 3√(−1) = 6 × (−1) = −6 என்பதே சரி. சமன்பாட்டின் இருபுறமும் வர்க்கப்படுத்தும்போதும் எச்சரிக்கை வேண்டும். √(க + 6) = க என்பதை வர்க்கப்படுத்தினால் க² − க − 6 = 0; தீர்வுகள் 3, −2. ஆனால் −2 ஐப் பொருத்தினால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. வர்க்கப்படுத்தல் குறியின் வேறுபாட்டை அழித்துவிடுவதால் உள்ளே நுழைந்த பொய்த் தீர்வு அது. பொருத்திப் பார்ப்பதை விடைக்குப் பின் வரும் சடங்காக நினைக்க வேண்டாம். அது தீர்வின் ஒரு பகுதி.

கேள்வி: 1/√2 என்பதை √2/2 என்று மாற்றினால்தான் விடையை ஏற்கிறார்கள். பகுதியில் மூலம் இருந்தால் என்ன குற்றம்?
(ஆசிரியப் பயிற்சி மாணவர், கரூர்)

பதில்: குற்றம் ஒன்றும் இல்லை, வசதிக்குறைவு உண்டு. கையால் கணக்கிட்ட காலத்தில் 1 ஐ 1.41421356 ஆல் வகுப்பது நெடிய வேலை; 1.41421356 ஐ 2 ஆல் வகுப்பது ஒரே மூச்சில் முடியும். கால்குலேட்டர் வந்தபின் அந்தக் காரணம் போய்விட்டாலும், பின்னங்களைக் கூட்டுவதற்கும் இரண்டு விடைகளை ஒப்பிடுவதற்கும் பகுதி விகிதமுறு எண்ணாக இருப்பது இன்றும் உதவுகிறது. 6/(√5 − √2) ஐப் பார்த்தால் ஒன்றும் விளங்காது; மேலும் கீழும் √5 + √2 ஆல் பெருக்கினால் பகுதி 5 − 2 = 3 ஆகி, 2(√5 + √2) என்று தெளிவான வடிவம் கிடைக்கிறது.

ஆனால் நீங்கள் நாளை ஆசிரியராகப் போகிறவர் என்பதால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். மூலம் எப்போதும் தொகுதியில்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சட்டம்போல் சொல்லிவிடாதீர்கள். √10001 − 100 எவ்வளவு? எட்டு இலக்கம் காட்டும் கால்குலேட்டரில் √10001 என்பது 100.00499 என்று நின்றுவிடும். 100 ஐக் கழித்தால் 0.00499, மூன்றே இலக்கம்தான் மிஞ்சுகிறது. இதையே, நடுக்குறியை மாற்றிய இணையாகிய √10001 + 100 ஐக் கொண்டு மேலும் கீழும் பெருக்கி 1/(√10001 + 100) என்று மாற்றினால், அதே கால்குலேட்டர் 0.0049998 வரை சரியாகத் தரும். இங்கே மூலத்தைப் பகுதிக்கு அனுப்பியதால்தான் துல்லியம் கிடைத்தது. பதினோராம் வகுப்பில் (√(க + 9) − 3)/க என்பதன் எல்லையை, க சுழியை நெருங்கும்போது, காண்பதும் இதே வழிதான்: 1/(√(க + 9) + 3) என்று மாற்றியவுடன் 1/6 கண்ணுக்குத் தெரிகிறது. எந்த வடிவம் அடுத்த அடிக்கு வழிவிடுகிறதோ அதுவே எளிய வடிவம் என்று சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: கணித மேதை ராமானுஜன் எங்கள் ஈரோட்டில் பிறந்தவர் என்று பெருமைப்படுகிறோம். பள்ளியில் படிக்கும் இந்த வர்க்கமூலக் கணக்குகளுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டா?
(ஓய்வு பெற்ற தபால் ஊழியர், ஈரோடு)

பதில்: ஐயா, உண்டு, அதுவும் இதுபோன்ற ஒரு வாசகர் கேள்விப் பகுதியின் வழியாகவே. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்த ராமானுஜன், 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விடுத்தார். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவின்றிச் செல்லும் கோவையின் மதிப்பு என்ன என்பது கேள்வி. மூன்று இதழ்கள் வரை யாரும் விடை அனுப்பவில்லை. பின்பு அவரே 3 என்று விடை தந்தார்.

அடிப்படை, எட்டாம் வகுப்பு முற்றொருமைதான். (ந + 1)² = 1 + ந(ந + 2). ஆகவே 3 = √(1 + 2 × 4); அந்த 4 = √(1 + 3 × 5); அந்த 5 = √(1 + 4 × 6). ஒவ்வொன்றையும் முந்தியதற்குள் வைத்துக்கொண்டே போனால் அவருடைய கோவை உருவாகிறது. இவ்வளவோடு நிறுவல் முடிந்துவிட்டதென்று பலர் எழுதுகிறார்கள், முடியவில்லை. 4 ஐயும் √(1 + 2 × 7.5) என்று எழுதி, 7.5 ஐ √56.25 என்று மாற்றி, அதே முறையில் முடிவின்றி நீட்டலாமே? எனவே கோவையைச் சிறிது தூரத்தில் வெட்டி மதிப்பிட்டு, வெட்டும் இடம் தள்ளிப்போகப் போக மதிப்பு எதை நெருங்குகிறது என்று காட்ட வேண்டும். கடைசி உறுப்பு √(1 + 5) என்று நிறுத்தினால் 2.755, √(1 + 6) வரை போனால் 2.867, இப்படி ஏறி 3 ஐ நெருங்குகிறது. இவ்வாறு அடுக்கிய மூலங்கள் எப்போது ஓர் எல்லையை நெருங்கும் என்பதற்கான நிபந்தனையைப் பின்னாளில் வகுத்தவர் இன்னொரு தமிழ்க் கணிதர், திருக்கண்ணபுரம் விஜயராகவன் (1902–1955).

ராமானுஜன் தந்த கனமூலச் சமன்பாடு ஒன்றும் உண்டு: ∛(∛2 − 1) = ∛(1/9) − ∛(2/9) + ∛(4/9). அவர் எப்படிக் கண்டாரோ, சரிபார்ப்பது நம்மாலும் ஆகும். ∛2 ஐ ச என்று வைத்துக்கொண்டால் ச³ = 2. வலப்பக்கம் ∛(1/9) × (1 − ச + ச²). இதில் (1 + ச)(1 − ச + ச²) = 1 + ச³ = 3 என்பதால் 1 − ச + ச² = 3/(1 + ச). இதன் கனம் 27/(1 + 3ச + 3ச² + 2) = 9/(1 + ச + ச²). மேலும் கீழும் ச − 1 ஆல் பெருக்கினால் பகுதி ச³ − 1 = 1 ஆகிவிடும்; ஆகவே 9(ச − 1). அதை 1/9 ஆல் பெருக்க, ச − 1. கரூர் வாசகருக்குச் சொன்ன, பகுதியை விகிதமுறு எண்ணாக்கும் வழியே இங்கும் கடைசி அடியாக வந்தது.

கேள்வி: நான் தச்சு வேலை செய்கிறேன். வர்க்கமூலமே இல்லாமல் கர்ணம் (செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கம்) காண ஒரு பழைய தமிழ்க் கணக்கு உண்டென்று கைப்பேசியில் செய்தி வருகிறது. நீளத்தை எட்டாகப் பிரித்து ஒரு கூறைத் தள்ளி, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்கிறார்கள். ஓட்டுக் கூரைக்குக் கைமரம் அளக்க இதை நம்பலாமா?
(பவானி வாசகர்)

பதில்: சில அளவுகளுக்கு நம்பலாம், சிலவற்றுக்கு நம்பவே கூடாது, எவை என்று துல்லியமாகச் சொல்லிவிட முடியும். நீளம் 4, உயரம் 3 என்றால் 3.5 + 1.5 = 5, சரி. நீளம் 12, உயரம் 5 என்றால் 10.5 + 2.5 = 13, இதுவும் சரி. பரப்பப்படும் செய்திகளில் இந்த இரண்டையும்தான் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். நீளம் 15, உயரம் 8 என்றால் உண்மையான கர்ணம் 17, கணக்கு 17.125 என்று சொல்கிறது.

நீளத்தைக் க என்றும் உயரத்தைச் ச என்றும் கொண்டு, √(க² + ச²) உம் 7க/8 + ச/2 உம் எப்போது சமம் என்று பார்ப்போம். இருபுறமும் வர்க்கப்படுத்தி 64 ஆல் பெருக்கிச் சுருக்கினால் 15க² − 56கச + 48ச² = 0 என்னும் இருபடிச் சமன்பாடு வரும். இதன் தன்மைகாட்டி 3136 − 2880 = 256, முழு வர்க்கம்; அதனால் மூலக்குறியே மிஞ்சாமல் க : ச = 4 : 3 அல்லது 12 : 5 என்று இரண்டு விகிதங்கள் மட்டும் கிடைக்கின்றன. அந்த இரண்டில் மட்டுமே கணக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்தும். அவற்றுக்கு இடையே உள்ள சரிவுகளில் விடை சற்றுக் கூடுதலாக வரும். பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது என்பதால் கைமரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், கூடுதலை இழைத்துக்கொள்ளலாம். இதை வகுத்தவர் நல்ல கணக்கர் என்பதில் எனக்கு ஐயமில்லை. கையில் கருவி ஏதுமின்றி நிற்கும் தச்சருக்கு இது மெய்யான உதவி.

அந்த இரண்டு விகிதங்களுக்கு வெளியே போனால் விடை குறைந்துவிடும். நீளமும் உயரமும் ஒன்றாகி, இரண்டும் 100 அங்குலம் என்றால் கணக்கு 137.5 தரும், உண்மை 100√2, அதாவது 141.4. தட்டையான கூரையில் நிலைமை இன்னும் மோசம். நீளம் 12 அடி, உயரம் 2 அடி என்றால் கணக்குப்படி 10.5 + 1 = 11.5 அடி, கைமரம் தன் கிடை நீளத்தைவிடக் குட்டையாக இருக்க முடியாதல்லவா? உண்மையான நீளம் √148 = 2√37, ஏறத்தாழ 12 அடி 2 அங்குலம். கைப்பேசிச் செய்தியை நம்பி அறுத்தால் 8 அங்குலம் போதாமல் போகும். ஆகவே நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள், 1.33 க்கும் 2.4 க்கும் இடையே வந்தால் பழைய கணக்கு, மற்ற சரிவுகளுக்கு வர்க்கமூலம்.